கீரிமலைக்கு 22 சைக்கிள்கள்

எமது கல்லூரியின் புவியியல் மன்றம் இவ்வருடம் பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் சைக்கிளில் சென்று வந்தது. 20 மாணவிகள், 2 ஆசிரியைகள், 22 சைக்கிள்கள். போய்வர ஏறத்தாழ 44 கிலோமீற்றர். பயணம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அதைத் திட்டமிடத்தான் ஆறு வாரங்கள் எடுத்தன. மன்றத்தின் செயலாளர் என்ற வகையில் அந்த ஆறு வாரக் குறிப்பேடு என்னிடம் இருந்தது. அடுத்த வருடம் இதனைச் செய்யவிருக்கும் தங்கைகள் கேட்டதற்கிணங்க அதிலிருந்து இதனை எழுதுகிறேன். இந்தச் சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதை மறக்கவில்லை. உண்மையில் அந்தக் குறிப்பேட்டின் பாதிப் பக்கங்கள் அவர்கள் கேட்ட கேள்விகளால் நிறைந்தவைதான்.

முதலில், ஏன் கீரிமலை? பெயரைக் கேட்டு மலையைத் தேடவேண்டாம். கடற்கரையோரத்தில் சற்று உயர்ந்த சுண்ணாம்புக்கல் மேடு அது. அங்கே கடலுக்கு அருகிலேயே ஒரு கேணி இருக்கிறது. ஒரு சுவர்தான் இடையில். சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல் அலையடிக்கிறது. இந்தப் பக்கம் நிலத்தடியில் இருந்து ஊறி வரும் நன்னீர். ஆண்களுக்குப் பெரிய கேணியும் பெண்களுக்கு மதிலால் மறைக்கப்பட்ட தனிக் கேணியும் உண்டு. உயர்தர வகுப்பில் சுண்ணாம்புக்கல் நிலவுருவங்களைப் படிக்கும்போது எமது பாடநூல்கள் ஐரோப்பிய உதாரணங்களைச் சொல்கின்றன. வீட்டிலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் உதாரணத்தை எங்களில் பெரும்பாலானோர் பார்த்ததில்லை.

அந்த நீர் எப்படி வருகிறது என்பதைச் சொல்லாமல் பயணத்தைப் பற்றிச் சொல்வதில் பயனில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிக் கல்லுக்குள் இறங்குகிறது. கல் மெல்ல மெல்லக் கரைந்து வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் உண்டாகின்றன. அதனால்தான் எங்களுக்கு ஆறுகள் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், பெய்யும் மழையில் நிலத்துக்குள் போவதே எமக்கு மிஞ்சும் நீர். உள்ளே போன நன்னீர் கடல்நீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே நாலாபுறமும் இருந்து உட்புகுந்துள்ள உவர்நீரின் மேல் அது ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபுறமாகவும் இதை வாசிக்கலாம். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறி வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். இந்த நிலத்தடி நீர் கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. நகரும் வழியில் ஒரு வெடிப்பு கரையோரத்தில் வாய் திறந்தால் அதுவே ஊற்று. கீரிமலை அப்படியான ஒரு வாய்.

உலகில் இது எங்கும் இல்லாத அதிசயமல்ல. பஹ்ரைன் என்ற அரபுச் சொல்லுக்கு இரு கடல்கள் என்று பொருள். அந்தத் தீவைச் சுற்றிய கடலின் அடியிலேயே நன்னீர் ஊற்றுகள் இருந்தன. முத்துக் குளிப்பவர்கள் தோற்பைகளுடன் சுழியோடிக் குடிநீர் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். எமது ஊற்று சுழியோடாமலே காணக்கூடியது.

"பஸ் பிடிச்சுப் போனா அரைமணித்தியாலம். சைக்கிள் எதுக்கு?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எமது புவியியல் ஆசிரியை சொன்ன பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். கீரிமலைக் கேணியில் வரும் தண்ணீர் கீரிமலைத் தண்ணீர் அல்ல, வழி நெடுகிலும் உள்ள தோட்டங்களில் விழுந்த மழை. அந்த வழியைக் கண்ணாடி யன்னலுக்குள்ளால் பார்த்தால் பிள்ளைகளுக்கு நித்திரைதான் வரும் என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அனுமதி எழவில்லை.

அனுமதி ஏன் இலகுவில் கிடைக்கவில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். வெளியூரில் இருந்து வருபவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆச்சரியப்படும் விடயங்களில் ஒன்று, பெண்கள் சைக்கிள் ஓடுவது. சேலை கட்டிய ஆசிரியைகளும் வெள்ளைச் சீருடை மாணவிகளும் காலையில் வீதியை நிறைத்துச் செல்வார்கள். எங்களிலும் பலர் கல்லூரிக்குச் சைக்கிளில்தான் வருகிறோம். ஆனால் எங்கள் தாய்மார் பலருக்கு இந்த ஊரின் வீதிகள் பழக்கமில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் சிறுமிகள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்து, திருமணமாகி, பிள்ளைகளோடு திரும்பி வந்தவர்கள். எனது உம்மாவுக்கு ஐந்து சந்தியில் இருந்து ஆஸ்பத்திரி வரை தெரியும், கடைத்தெரு தெரியும். சுன்னாகத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். தெரியாத வீதியில் மகளை விட எந்தத் தாய்தான் துணிவார்? "உனக்கு ஏதும் எண்டா நான் எந்தப் பக்கம் ஓடி வாறது?" என்று அவர் கேட்டார். பயத்தை மட்டும் சொன்ன வார்த்தையாக அதை எடுத்துக்கொள்ளாமல், விடை தேட வேண்டிய கேள்வியாகவே குறிப்பேட்டில் எழுதினேன்.

எனவே எமது திட்டத்தின் முதல் பக்கம் ஒரு வரைபடம். ஐந்து சந்தியில் தொடங்கி காங்கேசன்துறை வீதி வழியே தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். மாவிட்டபுரத்தில் இடப்புறம் திரும்பினால் கீரிமலை. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணிக்கு இருப்போம் என்பதையும் எழுதினோம். யாழ் போதனா வைத்தியசாலை புறப்படும் இடத்துக்கு அருகில் இருக்கிறது, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மறுமுனைக்கு அருகில் இருக்கிறது. அவற்றுக்கிடையே எங்கே நின்றாலும் ஒன்று பத்துக் கிலோமீற்றருக்குள் வரும். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் இலக்கத்தை வரைபடத்தின் மேலே சிவப்பு மையால் எழுதினோம். அந்த இலக்கம் 1990. எங்கள் வீடுகளில் அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த வரைபடத்தின் பிரதி ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும் பொலிஸாருக்கான அறிவித்தலையும் அதிபர் பார்த்துக்கொண்டார். கடிதங்கள் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, நேரத்தோடு எழுதினால் போதும்.

அடுத்தது நாள் குறிப்பது. இங்கேதான் காற்று வருகிறது. யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் கிடையாது, ஆகவே சைக்கிள்காரருக்கு மலை என்பது காற்றுத்தான். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது காங்கேசன்துறைக்குப் போகும்போது முதுகில் தள்ளும். பறப்பது போல இருக்கும். திரும்பும்போதோ களைத்த காலுக்கும் உச்சி வெயிலுக்கும் முன்னால் அதே காற்று நெஞ்சில் நிற்கும். வாடைக் காற்றுக் காலத்தில் கதை மறுபக்கம்: உடம்பில் தெம்புள்ள காலையில் எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது தள்ளும் காற்று. ஆனால் வாடையோடு மழையும் வரும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான் எமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி. மழை ஓய்ந்து, வடகிழக்குக் காற்று இலேசாக மிஞ்சியிருக்கும் காலம் தை மாதக் கடைசியும் மாசி மாதத் தொடக்கமும். மழை முடிந்த கையோடு நிலத்தடி நீர் மட்டமும் உயர்ந்திருப்பதால், ஊற்றைப் பார்க்கவும் அதுவே பொருத்தமான காலம். நோன்புக்கு முன்னைய சனிக்கிழமையாகவும் இருக்க வேண்டும். இன்னொன்றும் பார்த்தோம். கீரிமலை இந்துக்களின் புனிதத் தலம். நகுலேஸ்வரம் கோயிலின் திருவிழா நாட்களிலும் அமாவாசை நாட்களிலும் தம் பெற்றோருக்காகக் கடமை செய்ய மக்கள் கூட்டமாக வருவார்கள். அந்த நாட்களில் 22 சைக்கிள்களுடன் போய் வேடிக்கை பார்ப்பது முறையல்ல. மாவிட்டபுரத்தில் உறவினர் உள்ள எமது தமிழ் ஆசிரியை ஒருவர் கோயில் நாட்காட்டியைப் பார்த்து நாளைச் சொன்னார்.

வேகத்தை எப்படித் தீர்மானிப்பது? இந்த இடத்தில் மன்றத்தில் பெரிய விவாதமே நடந்தது. வேகமாக ஓடும் சிலர் ஒரு மணித்தியாலத்தில் கீரிமலையைத் தொட்டுவிடலாம் என்றார்கள். அவர்கள் தொடுவார்கள்தான். நாங்கள் இரண்டு வாரங்கள் மாலையில் கோண்டாவில் வரை சேர்ந்து ஓடி, ஒவ்வொருவரின் நேரத்தையும் குறித்தோம். ஆக மெதுவாக ஓடியவர் தரம் 10 தங்கை ஒருத்தி. கியர் இல்லாத, அவளது மூத்த சகோதரியின் பழைய சைக்கிள். மணிக்கு 11 கிலோமீற்றர். கணக்கை 11இல் போட்டோம். 20 கிலோமீற்றருக்கு ஒரு மணி 50 நிமிடம், பத்து நிமிடப்படி மூன்று ஓய்வு, ஆக இரண்டு மணி 20 நிமிடம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் 8.20க்குக் கீரிமலை. 9.20க்கு அங்கிருந்து கிளம்பி, மாவிட்டபுரம் வந்து, 9.50க்குக் காங்கேசன்துறை. 10.10க்குத் திரும்பினால் ளுஹருக்குக் கல்லூரி. சராசரி வேகத்தில் கணக்குப் போடும் திட்டம் பின்னால் வருபவரைத் தனியாக விட்டுவிடும். பெற்றோரின் பயமெல்லாம் தனியாக நிற்கும் பிள்ளையைப் பற்றியதுதான்.

அதனால் அந்தத் தங்கையை முன்னால் இரண்டாவதாக விட்டோம். முதலாவதாகப் போனவருக்கு ஒரே வேலை, பின்னால் இருப்பவளின் மூச்சைக் கேட்டு மிதிப்பது. கடைசியாகப் போனவர் அனுபவமுள்ள ஒருவர், கழுத்தில் விசில். அது ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும். இருவர் இருவராகப் பேசிக்கொண்டு போவதற்குக் காங்கேசன்துறை வீதியில் இடமில்லை, ஒற்றை வரிசைதான். ஒரு சைக்கிளுக்கு இரண்டு மீற்றர், இடைவெளி நான்கு மீற்றர் என்று வைத்தால் 22 சைக்கிள்கள் 130 மீற்றர் நீளம். அவ்வளவு நீளமான வரிசையை ஒரு பஸ் முந்துவது ஆபத்து. எனவே 7, 7, 8 என்று மூன்று குழுவாகப் பிரித்து, குழுக்களுக்கிடையே ஒரு பஸ் தாராளமாக ஒதுங்கும் இடம் விட்டோம். கடைசியில் ஒரு மாணவியின் வாப்பா தமது பட்டா வாகனத்தை ஓட்டி வந்தார். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, களைத்தவரையும் சைக்கிளையும் ஏற்ற இடம்.

உடை பற்றி எழுதத்தான் வேண்டும், ஏனெனில் இதை ஆண்கள் எழுதும் சைக்கிள் குறிப்புகளில் காண முடியாது. அபாயாவின் விளிம்பு செயினுக்குள் போனால் விழுவது நிச்சயம். பின் சக்கரக் கம்பிகளுக்குள் போனாலும் அப்படித்தான். முழுச் செயின் கவர் இல்லாத சைக்கிள்களுக்குக் கவர் பூட்டினோம். பின் சக்கரத்தின் இருபுறமும் வலை கட்டினோம். கணுக்காலுக்கு மேல் நிற்கும் அபாயாவும் உள்ளே இறுக்கமான பாதமுள்ள காற்சட்டையும் அணிந்தோம். பர்தாவின் தொங்கலை முன்புறம் பின் குத்தினோம், பக்கவாட்டில் பறந்தால் பின்னால் பஸ் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாது. சீற் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் பலர் இரு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி சீற்றைப் பதித்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கு வர அது போதும், 40 கிலோமீற்றருக்கு முழங்கால் தாங்காது. பெடல் கீழே இருக்கும்போது கால் கொஞ்சம்தான் மடிந்திருக்க வேண்டும். ஓர் அங்குலம் உயர்த்தியதிலேயே அந்தத் தரம் 10 தங்கை வித்தியாசத்தை உணர்ந்தாள்.

பஞ்சர் ஒட்ட எல்லோரும் பழகினோம். ஐந்து சந்திக்கு அருகில் உள்ள சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதை எங்களுக்காக ஒதுக்கினார். ரியூபைக் கழற்றி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, காயவைத்து, உரஞ்சி, சொலூசன் பூசிப் பொறுமையாக இருந்து, பிறகு ஒட்டுவது. இந்தப் பொறுமைதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. வழியில் ஒட்டிக்கொண்டு நிற்க நேரமில்லாததால் வேறு வேறு அளவில் மாற்று ரியூபுகளும் கொண்டுபோனோம். அளவு ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு 20 வீட்டில் 19 கையெழுத்திட்டன. மிஞ்சிய வீடு எங்களுடையது. உம்மா வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்போது உம்மும்மா அடுப்படியிலிருந்து வந்து, தாம் சிறுமியாக இருந்தபோது கோச்சியில் காங்கேசன்துறை போனதையும், கடற்கரையில் சோற்றுப் பொதியை அவிழ்த்ததையும், கீரிமலைப் பெண்கள் கேணியின் தண்ணீர் மார்கழியில் எவ்வளவு குளிர் என்பதையும் சொல்லத் தொடங்கினார். நாங்கள் ஒருநாளும் கேட்காத கதை. உம்மா கையெழுத்திட்டார், ஒரு நிபந்தனையோடு: பட்டாவின் முன் சீற்றில் உம்மும்மா வர வேண்டும். திட்டத்தில் இல்லாத பயணி. முன் சீற்றில் ஒரு தலையணை சேர்த்துக்கொண்டோம்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணுவிலுக்கு அப்பால் செம்மண் தொடங்கியதும் முதல் ஓய்வு. வெங்காயமும் புகையிலையும் வாழையுமாகத் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் கிணறு. இங்கே இடும் உரத்தின் நைத்திரேற்று நிலத்துக்குள் இறங்கிக் கிணற்று நீரில் சேர்வது குடாநாட்டின் பெரிய பிரச்சினை என்று ஆசிரியை விளக்கினார். பொந்துகள் உள்ள கல் நீரை விரைவாக உள்ளே விடும், வடிகட்ட நேரம் கொடாது. மாவிட்டபுரம் தாண்டியதும் நிலம் மாறியது. பாழடைந்த வீடுகள், கூரையில்லாத சுவர்களுக்குள் மரங்கள். 1990இல் இந்த மக்களும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிப் போரின் பின்னர் பகுதி பகுதியாகத்தான் திறக்கப்பட்டது. வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

கீரிமலையை 8.35க்கு அடைந்தோம். செருப்பைக் கழற்றி வைத்து, அங்கிருந்தவர்களிடம் அனுமதி கேட்டு, பெண்கள் கேணிப் பக்கம் போனோம். யாரையும் படம் எடுப்பதில்லை என்று முன்னரே பேசியிருந்தோம். குளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா உம்மும்மாவைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்டார். "சோனகதெரு" என்றார் உம்மும்மா. "அப்ப திரும்பி வந்திட்டியளோ" என்றார் அவர். உம்மும்மா படியில் அமர்ந்து முழங்கால் வரை காலை விட்டுக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாவும் மல்லாகத்து முகாமில் நீண்டகாலம் இருந்தவராம். நாங்கள் சுவருக்கு அப்பால் கடலையும் இப்பால் கேணியையும் மாறி மாறிப் பார்த்தோம். கடல்நீரை ஒரு போத்தலிலும் கேணி நீரை இன்னொரு போத்தலிலும் ஆய்வுகூடத்துக்கு எடுத்தோம். 9.20க்குப் புறப்படும் திட்டம் 9.45 ஆனது. பிந்தியதற்குக் காரணம் எங்கள் கால்கள் அல்ல.

காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையை வெளியிலிருந்து பார்த்தோம். 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோனது. நாங்கள் காலையில் இருந்து மிதித்து வந்த அதே சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்து அரைத்துத்தான் நாடு முழுவதற்கும் சீமெந்து போனது. நீரைச் சேமிக்கும் கல்லும் வீடு கட்டும் கல்லும் ஒன்றாக இருப்பது எங்களுக்கு இலாபமா நட்டமா என்று அங்கே நின்று வாதாடினோம், முடிவுக்கு வரவில்லை. துறைமுகப் பக்கம் கடற்படையினரின் எல்லை. 2023 ஒக்ரோபரில் இங்கிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் சேவை தொடங்கியதை ஆசிரியை நினைவூட்டினார். 2015 ஜனவரியில் மீண்டும் ரயில் வந்த நிலையத்தில் உம்மும்மா இறங்கி, மேடையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நடந்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது காற்று கணக்குப் போட்டபடியே முதுகில் இருந்தது. மல்லாகத்தில் ஒரு ரயர் இறங்கியது. வால்கட்டையடியில் பழுது, ஒட்ட முடியாது. ரியூபை மாற்ற 14 நிமிடம். 12.40க்குக் கல்லூரி வாசலில் 22 சைக்கிள்களையும் எண்ணினோம். உம்மா வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் நேரங்களை அதில் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார்.

அடுத்த வருடம் மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போக மன்றம் யோசிக்கிறது. தூரம் இதைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பு, கரையோரப் பாதையில் மர நிழலும் குறைவு. ஒரே நாளில் போய்வர முடியாது, ஒரு வழிக்காவது பட்டா இரண்டு வேண்டும். குறிப்பேட்டை நூலகப் பொறுப்பாசிரியையிடம் ஒப்படைத்துள்ளேன். காற்றின் திசையை நாள்தோறும் குறித்த பக்கங்கள் கடைசியில் இருக்கின்றன. அவற்றை நவம்பரிலிருந்தே தொடருங்கள்.